கண்ணாடி அலமாரியில் மூன்று மணி வெயில்

"சாவியை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொடுத்துடறேன்" என்று அப்பா சொல்லி நான்கு நாள் ஆகிவிட்டது. யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. கேட்டால் வேறு யார் பெயராவது வந்து விழுந்துவிடுமோ என்ற பயம் ஒருத்திக்கு மட்டும் இருந்தது.

சாவி என்றதும் நகை, பத்திரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் இருக்கிற வீடு இல்லை இது. பின் அறையில் நிற்கிற பச்சை இரும்பு பீரோவின் சாவி. அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகள். பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருஷம் என்ஜினுக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஒரு மெக்கானிக், கிரீஸ் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. இனிமேல் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார். அதற்குச் சாட்சி மாதிரி, தன் பழைய ஃபோர்மனை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிறு வந்துவிட்டது.

அவர் மகளுக்கு வீட்டில் பெயர் 'டிகிரி'. அந்த வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்று அண்ணன் கிண்டலாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஏதாவது ஃபாரம் நிரப்ப வேண்டுமா, "டிகிரியைக் கூப்பிடு." கரண்ட் பில்லில் தப்பா, "டிகிரி போய்க் கேக்கட்டும்." மற்றபடி அந்தப் படிப்பை வீட்டில் யாரும் எதற்கும் சட்டை செய்ததில்லை. அவள் வேலை பார்ப்பது மருந்துக் கிடங்கில், குளிர் அறை வாசலில். மணிக்கு ஒரு தரம் உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எட்டைத் தாண்டினால் சிவப்பு மையில் எழுதிவிட்டு ஓட வேண்டும். நாலு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட ஓடத் தவறியதில்லை.

வீட்டில் அவளுடைய வேலை பத்து வயதில் தொடங்கியது. சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவ வேண்டும். முன்னும் பின்னும் அப்பாவிடம் காட்ட வேண்டும். ஈரம் காய்கிற வரைக்கும் கையைக் காற்றில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தட்டை விளிம்பில் மட்டும்தான் தொடலாம். வெல்வெட் துணியால் வட்டமாகத்தான் துடைக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. அப்புறம் காகித உறை, அதன்மேல் அட்டை. புத்தகம் மாதிரி நிற்க வைத்து, ஒரு விரல் நுழைகிற இடம் விட்டு அடுக்க வேண்டும். படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது வளைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி ஒட்டியதும், நோட்டுப் போட்டதும் அவள்தான். மருந்துப் பெட்டிகளில் வருகிற, ஈரம் உறிஞ்சுகிற சின்னச் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்துக் கொண்டுவந்து மாசத்துக்கு ஒரு முறை பீரோவில் மாற்றி வைப்பதும் அவள்தான்.

இசைத்தட்டு பிளேயரின் ஊசி மட்டும் அவள் கைக்கு வந்ததில்லை.

பத்து வயதில் ஒரே ஒரு தரம் வைத்தாள். கை நழுவி, ஊசி தட்டின் குறுக்கே கிறீச்சென்று ஓடியது. அப்பா திட்டவில்லை. "நீ துடை, நான் வைக்கிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் பதினேழு வருஷமாக மாறவில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்கு நான்கு மாசத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தாள் அண்ணி.

அண்ணி ஒரு பெரிய துணிக்கடையில் வாசல் கண்ணாடிக்குள் பொம்மைகளுக்குப் புடவை கட்டி நிறுத்துகிறவள். எந்தப் பொருளையும் பார்த்தவுடனே அதை எங்கே நிறுத்தினால் கண்ணில் படும் என்றுதான் அவளுக்குத் தோன்றும். பீரோவை முதல் முறை திறந்து காட்டியபோதே சொன்னாள்: "இவ்வளவு அழகை இரும்புக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்களே மாமா! எங்க கடையில இப்படிப் பூட்டி வச்சா ஒரு கர்ச்சீப்கூட விக்காது."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். டிகிரி அந்தச் சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. அவள் எவ்வளவோ ஜோக் சொல்லியிருக்கிறாள். உதட்டோரம் அசைந்தால் பெரிய விஷயம்.

அதன் பலன்தான் இப்போது ஹாலில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிற தேக்கு நிறக் கண்ணாடி அலமாரி. நேற்றுத்தான் தச்சர் வந்து பொருத்திவிட்டுப் போனார். அறுபது அட்டைகள் முகம் காட்டி நிற்க இடம். நடுவில், அட்டைக்கு முன்னால் தட்டையே வெறுமனே நிறுத்தி வைக்க மூன்று சின்னத் தாங்கிகள்.

காலை ஒன்பது மணிக்கு அண்ணி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். டிகிரி பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தாள். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"என்ன அண்ணி இது? நூத்தி நாலு பக்கத்துல முப்பத்தொம்போது இருக்கு?"

"நம்பர் யாருக்கும்மா தெரியப்போகுது? கலர் பாத்து வைக்கிறேன். இங்க சிவப்பு, அங்க மஞ்சள், நடுவுல நீலம். தூரத்துல இருந்து பாரேன், எப்படி இருக்குன்னு."

தூரத்திலிருந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"வாங்கின வரிசையில இருக்கணும். அதுக்குத்தான் நோட்டு."

"நோட்டு நோட்டாவே இருக்கட்டும். யாரு வேண்டாம்னா?" அண்ணி சிரித்தாள். "ஆமா, பீரோவுல குட்டிக் குட்டியா என்னமோ பொட்டலம் கிடந்துதே, பழைய மருந்தா? எடுத்துக் குப்பையில போட்டுட்டேன்."

டிகிரி விருட்டென்று திரும்பினாள். உள்ளே போய்க் குப்பைக்கூடையைப் பார்த்தாள். நாற்பத்து இரண்டு பொட்டலங்கள், டீத்தூள் சக்கைக்கு நடுவில் ஊறிக்கிடந்தன. எத்தனை பெட்டியைப் பிரித்தபோது காத்திருந்து கேட்டு வாங்கியது!

அம்மா அடுப்படியில் இருந்தாள். தையல் யூனிட்டில் பட்டன் கட்டிக் கட்டி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனவள். பேச்சும் அதே மாதிரி, சொரசொரப்பாகத்தான் வரும்.

"ஏண்டி மூஞ்சி அப்படிப் போகுது? அவ ஆசையா அடுக்கறா, அடுக்கிட்டுப் போறா."

"பதினேழு வருஷமா நான் பாத்துக்கிட்டது அம்மா."

"பாத்துக்கிட்ட, சரி. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகப் போறவ. போறப்போ பீரோவை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டா போவ? சாவி மருமக கைக்குப் போறதுதான் முறை."

"அப்பா சொன்னாரா?"

"சொல்லணுமா என்ன? நாலு பேருக்குத் தெரிஞ்சதுதான்."

நாலு பேருக்குத் தெரிந்தது! படிக்க வைத்தபோதும் இந்த நாலு பேர்தான் வந்தார்கள், பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு என்று கேட்டுக்கொண்டு. நாலு பேருடைய முகவரி மட்டும் இன்றுவரை எவருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் டிகிரி நேரிலேயே போயிருப்பாள்.

அவள் டீயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பியபோதுதான் அது நடந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக அப்படித்தான் குடிக்கிறார். மருமகள் முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று நடிக்கிறார்போல என்று டிகிரி முடிவு கட்டியிருந்தாள். பிளேயரின் மூடி திறந்திருந்தது. தட்டு சுழன்றுகொண்டிருந்தது.

"ஊசியை நீ வைம்மா" என்றார் அப்பா.

அண்ணியிடம்.

"நானா மாமா? கீறிடுச்சுன்னா?"

"கீறாது. மெல்ல வை. விளிம்போரம்... அப்படித்தான்."

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினாள். ஊசி உட்கார்ந்தது. ஒரு நொடி சரசரப்பு, அப்புறம் வயலின். அண்ணி கையைத் தட்டிக் குதித்தாள். அண்ணன் சவரம் பாதியில் நிற்க எட்டிப் பார்த்து, "பாத்தியா டிகிரி, நாலே மாசத்துல பாஸ் பண்ணிட்டா. நீ இன்னும் அரியர்ஸ்தான்!" என்றான்.

 டிகிரி டம்ளரை டங்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அடுப்படி நிலை வழியாகப் பார்த்தபோது, நடுத் தாங்கியைக் காட்டி அப்பா அண்ணியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அண்ணி, "ஓ! சரி மாமா, யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று தலையாட்டினாள்.

ரகசியம் வேறு! டிகிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த அலமாரிப் பக்கமே திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியம்.

பதினொன்றுக்கு அண்ணி கடைக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமைதான் துணிக்கடையில் கூட்டம். நாலு மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொன்னாள். அவளைக் கொண்டு விட்டுவிட்டு, திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது அண்ணன் பொறுப்பு. அம்மா சாப்பாடு முடித்து அலுப்பில் சுருண்டாள். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட் பார்த்த காலத்துப் பழக்கம், இரண்டிலிருந்து நாலு வரைக்கும் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியே ஆக வேண்டும்.

ஹாலில் டிகிரி மட்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே போன மாசம் வரைக்கும் ஒரு மாடி வீடு இருந்தது. மேற்கு வெயிலை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது. அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு வெயில் ஜன்னல் வழியாக நேராக வந்து எதிர்ச் சுவரில் விழுகிறது. நாலரை வரைக்கும் அங்கேயே நிற்கிறது. அந்த நேரத்தில் அண்ணன், அண்ணி, அம்மா மூன்று பேரும் வேலையில். அப்பா தூக்கத்தில், ஞாயிறானால் அம்மாவும். காலை ஷிஃப்ட் முடித்து இரண்டரைக்கு வீடு திரும்பி, ஹாலில் காலை நீட்டி உட்காருகிறவள் டிகிரி ஒருத்திதான்.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தச்சர் அளவெடுக்க வந்தபோது, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "இந்தச் சுவருதானே? ஈரம், வெயில் எதுவும் கிடையாதே?"

அண்ணி இவளைப் பார்த்தாள். "நீதானே பகல்ல வீட்டுல இருக்க. சொல்லு."

"அலங்காரம் உங்க வேலை அண்ணி. எனக்கென்ன தெரியும்?" என்றாள் டிகிரி.

பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். படித்தவளுக்கு இந்த மாதிரி பூசி மெழுகுவது சுலபமாக வரும்.

மூன்று மணி. வெயில் வந்தது.

முதலில் அலமாரியின் இடது ஓரம், சிவப்பு அட்டைகள் மேல். அப்புறம் மெல்ல நகர்ந்தது. கண்ணாடிக் கதவு இறுக்கமாகச் சாத்தியிருந்தது. தூசி வரக் கூடாதாம். உள்ளே காற்றுக்கு வழியே இல்லை. கறுப்புத் தட்டு, முன்னால் கண்ணாடி, அதன்மேல் வெயில். என்ன நடக்கும் என்று அவளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒண்ணே ஒண்ணு வளையட்டும். அவ்வளவுதான். ஃபோர்மன் முன்னால் அப்பா கண்ணாடியைத் திறந்து எடுக்கட்டும். அண்ணி முகம் எப்படிப் போகிறதென்று பார்ப்போம். கலர் பார்த்து அடுக்கினவள் கையில் சாவியைக் கொடுப்பாரா, அதையும் பார்ப்போம்.

பையிலிருந்து கிடங்கில் பயன்படுத்துகிற பேனா மாதிரியான தெர்மாமீட்டரை எடுத்தாள். தொழில் புத்தி. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் அதன் நுனியைச் செருகினாள்.

முப்பத்தொன்பது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். மத்தியானம் போட்டு ஆறிப்போன டீயைக் குடித்தாள். வெளியே இடிபாட்டு மேட்டில் இரண்டு நாய்கள் நிழல் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன.

நாற்பத்தாறு.

கிடங்கில் எட்டு ஒன்பதானால் ஓடுகிறவள், இங்கே காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். யாரோ முகம் தெரியாத நோயாளிக்குப் போகிற மருந்துக்கு இருக்கிற மரியாதை, பெற்ற அப்பாவின் தட்டுக்கு இல்லை. அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் எழவில்லை.

ஐம்பத்து மூன்று.

உள்ளே அப்பா இருமினார்.  இருமல் அடங்கியது. குறட்டை தொடர்ந்தது.

மூன்று நாற்பதுக்கு வெயில் நடுவுக்கு வந்தது. நீல அட்டைகள் பளிச்சென்று எரிந்தன. நடுத் தாங்கியில் இருந்த கறுப்புத் தட்டின் வட்டக் காகிதத்தில் ஒட்டியிருந்த சின்ன நம்பர் சீட்டு மினுங்கியது. காலையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தவள், இப்போது தன்னை அறியாமல் படித்தாள். அவள் கையெழுத்துத்தான்.

287.

டம்ளர் கையிலிருந்து நழுவி உருண்டது.

இருநூற்று எண்பத்தேழு அப்பாவுடையது இல்லை. அவளுடையது. கடைசி வருஷ ரிசல்ட் வந்த அன்று, டிப்போவிலிருந்து அப்பா எண்ணெய்ச் சட்டையோடு நேராகப் போய் வாங்கிக்கொண்டு வந்த கிளாரினெட் தட்டு. படம் எதுவும் இல்லாத வெறும் நீல அட்டை. "இது உன்னோடது. என்னோடதுங்ககூட இருக்கட்டும், துணைக்கு" என்றார். அவர் அவளைப் பாராட்டியதென்றால் அது அவ்வளவுதான்.

அதைத்தான் நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறார். காதருகே குனிந்து சொன்னது அதைத்தான்.

ஓடினாள். அங்கே நின்ற அப்பாவின் மற்ற எல்லாத் தட்டுக்கும் எழாதவள், தன்னுடைய ஒன்றுக்கு எழுந்தாள்.

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. தட்டை எடுத்தாள். விளிம்பு கையைச் சுட்டது. ஒரு பக்கம் உதடு பிதுக்கின மாதிரி எழும்பியிருந்தது, எதிர்ப் பக்கம் தொங்கியிருந்தது. கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். அலை அலையாக இருந்தது. நோட்டுக்கு அடியில் வைத்து அழுத்தினால் சரியாகுமா? கல்லை வைத்தால்?

மற்ற இரண்டையும் எடுத்துத் தரையில் வைத்தாள். சிவப்பு அட்டைகளைக் கை நிறைய அள்ளினாள். அப்போதுதான் வெளிக்கதவு திறந்தது.

"அய்யய்யோ! என்ன பண்றே?" அண்ணியின் குரல். கையில் ஃபோர்மனுக்கு என்று வாங்கிய பிஸ்கட் பொட்டலம்.

அண்ணன் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்தான். தரையில் கிடந்த தட்டுகளைப் பார்த்தான்.

"கலைச்சுட்டியா? விருந்தாளி வர்ற நேரம் பாத்துக் கலைச்சுட்டியா? எனக்குத் தெரியும்டி! காலையில ஊசி வச்சப்பவே உன் காதுல புகை வந்துச்சு!"

"நான் கலைக்கல. எடுத்து வைக்கிறேன்."

"எடுத்து வைக்கிற லட்சணம் தெரியுது! பொறாமைடி உனக்கு. உடம்பு பூரா பொறாமை!"

சத்தத்தில் அம்மா எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் அப்பா, சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டபடி.

 அப்பா நேராக மகளிடம் வந்தார். 287ஐ அவள் கையிலிருந்து வாங்காமல், விளிம்பை ஒரு விரலால் மட்டும் தொட்டார். விரலை எடுத்துக்கொண்டார். திரும்பி ஜன்னலைப் பார்த்தார். சுவரில் விழுந்திருந்த வெயில் கட்டத்தைப் பார்த்தார். என்ஜினில் எங்கே ஓட்டை என்று தேடுகிறவர் மாதிரி கண் மெல்ல நகர்ந்தது.

"இந்த வெயில் இங்க எப்ப இருந்து வருது?"

"எனக்குத் தெரியாது மாமா" என்றாள் அண்ணி. முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா தெரியாது. இந்நேரம் நான் கடையில இருப்பேன்."

"நானும் வேலைக்குப் போயிடறேன்" என்றான் அண்ணன், சுருதி குறைந்து.

"நான் ஆறு மணிக்குத்தான் வீட்டுப்படி ஏறறேன்" என்றாள் அம்மா.

"நான் தூங்கிடறேன்" என்றார் அப்பா.

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்து, மீதி ஒரு ஆள் நின்றது. நான்கு பேர் கண்ணும் அவள் மேல் வந்து நின்றன.

தெரியாது என்று சொல்லிவிடலாம். இன்றைக்குத்தான் பார்த்தேன், பார்த்ததும் ஓடி வந்து எடுத்தேன் என்று சொல்லிவிடலாம். கையில் தட்டு இருக்கிறது, சாட்சிக்கு. காப்பாற்றினவள் என்ற பெயர்கூடக் கிடைக்கும். சொல்ல வாயைத் திறந்தாள்.

"இருபத்து மூணு நாளா" என்றாள்.

நோட்டு எழுதிப் பழகிய வாய். எண்ணைத்தான் சொன்னது.

"தச்சர் கேட்டப்ப நான் உன்னைத்தானே பாத்தேன்?" என்றாள் அண்ணி. சண்டைக்கான குரல் இல்லை அது. சண்டை போட்டிருந்தால் டிகிரிக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அண்ணி பிஸ்கட் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். அவ்வளவு மெதுவாக.

அப்பா பிளேயர் பக்கம் போனார். மூடியைத் திறந்தார். "அதைக் குடு."

கொடுத்தாள். அவர் தட்டை வாங்கி நடுக் கம்பியில் பொருத்தப் பார்த்தார். பொருந்தவில்லை. ஓட்டை கம்பியில் இடித்து இடித்து விலகியது. தட்டு வளைந்ததால் என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் பார்த்தாள். தட்டு இல்லை. கை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும், ஓடுகிற என்ஜின்மேல் வைத்த மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு கையாலும் பிடித்த டம்ளர். மாற்றிப் போட்ட பொத்தான். "ஊசியை நீ வைம்மா."

மூன்றாவது தடவையில் தட்டு உட்கார்ந்தது. அப்பா அவளைப் பார்க்காமல் பேசினார்.

"ரெண்டு மாசமாச்சு. இந்தக் கை சொன்ன பேச்சு கேக்கறதில்ல. உன் கண்ணுல படக் கூடாதுன்னுதான் காலையில அவளை வைக்கச் சொன்னேன். நீ பாத்தா நோட்டுல எழுதிடுவ."

அது ஜோக். அவர் அவளிடம் சொன்ன முதல் ஜோக்காகவும் இருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை.

"என்னங்க சொல்றீங்க? எங்கிட்டகூட..." என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். காட்டிய கையும் நடுங்கியது.

"ஊசியை நீ வை" என்றார்.

இப்போது மகளிடம்.

பதினேழு வருஷமாக அவளைப் பார்த்து அவர் சொல்லாத சொல். கனவில்கூட இந்தக் குரலில், இந்த ஹாலில்தான் கேட்டிருக்கிறாள். போய் நின்றாள். கை கழுவவில்லையே என்று நினைவு வந்தது. அவர் கையைக் காட்டச் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

ஊசியை இறக்கினாள். நழுவவில்லை. சரியாக விளிம்போரம், சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

தட்டு சுற்றியது. ஊசி மேடேறி இறங்கியது, மறுபடி மேடேறி இறங்கியது. கிளாரினெட் குடித்துவிட்டுத் தெருவில் நடக்கிறவன் மாதிரி சாய்ந்து சாய்ந்து வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் குரல் தொங்கி, மறுபடி எழுந்தது. அண்ணன் தலை குனிந்துகொண்டான். அப்பா கண்ணை எடுக்காமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசல் மணி அடித்தது. நாலேகால். ஃபோர்மன் எப்போதும் முக்கால் மணி நேரம் முன்னாலேயே வருகிற ஆள்.

அப்பா சட்டைப் பையில் விரலை விட்டுத் துழாவினார். இரும்புச் சாவி ஒன்று, பச்சை நூல் கட்டியது, வெளியே வந்தது. அதைப் பிளேயர் பெட்டியின் ஓரத்தில், இரண்டு பெண்களுக்கும் நடுவில் வைத்தார். நடுங்குகிற விரலிலிருந்து அது விழுந்ததா, வைத்தாரா என்று சொல்ல முடியாது.

"இன்னைக்கு அவரு முன்னாடி உன் கையில கொடுக்கத்தான் இருந்தேன்" என்றார் மகளிடம். "இப்ப நான் யாருக்கும் கொடுக்கல. யாருக்கு மனசு வருதோ எடுத்துக்குங்க."

கதவைத் திறக்க நடந்தார். அம்மா பின்னாலேயே ஓடி அவருடைய பொத்தானைச் சரி செய்தாள்.

டிகிரி சாவியைப் பார்த்தாள். கை நீட்டினால் எட்டுகிற தூரம். கையை யாரோ பிடித்து வைத்திருக்கிற மாதிரி இருந்தது, பிடிக்க ஆள் இல்லாமலே.

"வாங்க, வாங்க" என்று வாசலில் அப்பாவின் குரல். "என்னப்பா, பாட்டு ஒரு மாதிரி ஆடுது?" என்று ஃபோர்மன் கேட்பதும் கேட்டது.

அண்ணியின் கை முதலில் சாவியை நோக்கி நகர்ந்தது.